சுரங்கக் கசிவு ஓடையில் கலக்கிறது: எங்கே, எப்படி மாதிரி எடுப்பது?

ஓடைக்கரை:

வணக்கம் நண்பர்களே. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் கழிவுக் குவியலின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. சுமார் 60 மீட்டர் தரையில் மெல்லிசாக ஓடி ஒரு சிறு ஓடையில் சேர்கிறது. பழைய சுரங்க வாய் சரிந்து மண் மூடிக் கிடக்கிறது. அதன் அடியிலும் ஈரம் தெரிகிறது.

கசிவு வெளியே வரும் இடத்தில் தண்ணீர் பளிங்குபோல இருக்கிறது, நிறமே இல்லை. நாலைந்து மீட்டர் தள்ளி செம்மஞ்சள் படிவு தொடங்குகிறது. ஓடையில் கலக்கும் இடத்துக்குக் கீழே கற்களெல்லாம் துரு பூசினாற்போல இருக்கின்றன. கசிவு பிறக்கும் இடத்தில் பிஹெச் 6.1, மின்கடத்துதிறன் (கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) 2,400 மைக்ரோசீமென்ஸ். அதே தண்ணீர் ஓடையைத் தொடும் இடத்தில் பிஹெச் 3.4.

1. வேறெதுவும் கலக்காமலே 60 மீட்டரில் பிஹெச் இப்படி இறங்குமா, இல்லை பிஹெச் மீட்டர் பழுதா?
2. எத்தனை இடத்தில் எடுக்க வேண்டும்? வடிகட்டுவதா வேண்டாமா, அமிலம் சேர்ப்பதா வேண்டாமா?
3. விரல் ஆழம்கூட இல்லாத கசிவின் ஓட்டத்தை எப்படி அளப்பது?

துருவேட்டை:

மீட்டர் பழுதாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்ப்பது சுரங்க நீரின் இயல்பான குணம்.

குவியலுக்குள் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது கந்தக அமிலமும் ஃபெரஸ் இரும்பும் (நீரில் எளிதில் கரையும் இரும்பு வடிவம்) உண்டாகின்றன. வழியில் சுண்ணப் பாறை ஏதாவது இருந்தால் அமிலத்தின் ஒரு பகுதி அடங்கி, பிஹெச் 6 வரை ஏறிவிடும். ஆனால் ஃபெரஸ் இரும்பு கரைந்தபடியே இருக்கும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் அதற்கு நிறமும் கிடையாது. வெளியே வந்து காற்றுப் பட்டதும் ஃபெரிக்காக (மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு) மாறி ஹைட்ராக்சைடாகப் படிகிறது. அதுதான் அந்தச் செம்மஞ்சள். ஒரு ஃபெரஸ் அயனி இப்படிப் படியும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. தண்ணீரில் இருக்கும் காரத்தன்மை, அதாவது அமிலத்தை அடக்கும் திறன், தீர்ந்ததும் பிஹெச் சரிந்துவிடும்.

எனவே பிஹெச் மட்டும் அளந்துவிட்டு “6.1, பரவாயில்லை” என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தண்ணீர் இன்னும் எவ்வளவு அமிலத்தைத் தரப்போகிறது என்பதுதான் கேள்வி. அதைக் கணக்கிடும் வழி:

அமிலத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாக, மி.கி./லிட்டர்) = 50 × [2 × ஃபெரஸ்/56 + 3 × ஃபெரிக்/56 + 3 × அலுமினியம்/27 + 2 × மாங்கனீசு/55 + 1000 × 10-இன் அடுக்கு (–பிஹெச்)]. உலோகங்கள் எல்லாம் கரைந்த நிலையில், மி.கி./லிட்டரில்.

உதாரணத்துக்கு ஃபெரஸ் இரும்பு 120, மாங்கனீசு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பிலிருந்து 214, மாங்கனீசிலிருந்து 18, மொத்தம் 232. காரத்தன்மை 90 என்றால் நிகர அமிலம் 142. பிஹெச் 6.1 காட்டும் தண்ணீர்தான் இது. ஓடைக்குள் போய்ப் புளிக்கப்போவதும் இதுவேதான்.

ஆய்வகத்தில் அமிலத்தன்மை கேட்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துக் கொதிக்கவைத்துச் செய்யும் சூடான முறையைக் கேளுங்கள். குளிர்ந்த நீரில் நேரடியாக டைட்ரேட் செய்தால் (காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்தால்) கரைந்த கார்பன் டையாக்சைடும் அமிலமாகக் கணக்கில் ஏறும், ஃபெரஸ் முழுதாக வினைபுரியாமலும் போகும். அந்த எண்ணை நம்ப முடியாது.

மீட்டரைப் பற்றி ஒன்று. 7, 10 பஃபரில் (பிஹெச் தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) மட்டும் சரிசெய்துவிட்டு 3.4 வாசித்தால் பிழை வரும். 4-ம் 7-ம் கட்டாயம். பிஹெச் 3-க்குக் கீழே போகும் இடமிருந்தால் 2-ம் வேண்டும். சரிவு (பிஹெச் மாற்றத்துக்கு மின்முனை எவ்வளவு சரியாகப் பதிலளிக்கிறது என்று மீட்டர் காட்டும் அளவு) 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மின்முனையின் கண்ணாடிக் குமிழில் இரும்புப் படிவு ஒட்டியிருக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்துக் கழுவி, பிறகு சேமிப்புக் கரைசலில் ஊறவையுங்கள். துணியால் தேய்க்கக் கூடாது. அளவைத் தண்ணீருக்குள்ளேயே எடுங்கள். பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் அளந்தால் கார்பன் டையாக்சைடு வெளியேறி பிஹெச் ஏறும், இரும்பு படிந்து பிஹெச் இறங்கும். இரண்டும் ஒரே பாட்டிலில் நடக்கும்.

நீரளவை:

இடங்களையும் ஓட்டத்தையும் பற்றி நான் எழுதுகிறேன். ஓட்டம் அளக்காமல் எடுத்த மாதிரி பாதி வேலைதான். ஆய்வகம் தருவது செறிவு. ஓடையைக் கெடுப்பது சுமை, அதாவது செறிவு × ஓட்டம்.

குறைந்தது நான்கு இடம்: கசிவுக்கு மேலே ஓடை, கசிவு பிறக்கும் இடம், கசிவு ஓடையில் விழுவதற்குச் சற்று முன், முழுதாகக் கலந்த பிறகு கீழே ஓடை. சுரங்க வாயின் அடி ஈரத்தில் தனியாக ஓட்டம் இருந்தால் அது ஐந்தாவது. எல்லாம் ஒரே நாளில், மழை இல்லாதபோது.

“முழுதாகக் கலந்த” இடத்தைக் கண்ணால் முடிவுசெய்யாதீர்கள். கசிவு சேரும் கரையை ஒட்டியே வெகுதூரம் தனிப் பட்டையாக ஓடும். மின்கடத்துதிறன் மீட்டரை எடுத்துக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஐந்தாறு இடத்தில் வாசியுங்கள். வாசிப்புகளுக்குள் 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இன்னும் கீழே போங்கள்.

உங்கள் கசிவுக்கு பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும் போதும். களிமண்ணோ மணல் மூட்டையோ போட்டுச் சிறிய அணை கட்டி, நடுவில் 50 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றைச் சொருகுங்கள். அணைக்கு அடியிலும் பக்கத்திலும் நீர் நழுவாமல் பாருங்கள். பின்னால் தேங்கிய நீர் ஒரே மட்டத்தில் நின்ற பிறகே அளக்க வேண்டும். அவசரப்பட்டால் தேங்கும் நீரைக் கழித்த ஓட்டம்தான் கிடைக்கும். 10 லிட்டர் பக்கெட் 20 விநாடியில் நிறைந்தால் 0.5 லிட்டர்/விநாடி. ஐந்து விநாடிக்குள் நிறைந்தால் பெரிய பக்கெட் தேவை. மூன்று முறை அளந்து மூன்றையும் குறித்துவையுங்கள், சராசரியை மட்டும் எழுத வேண்டாம். அணை கட்டும்போது சேறு கலங்கும் என்பதால் நீர்மாதிரியை முதலில் எடுத்துவிடுங்கள்.

90 பாகை வி-வெட்டுப் பலகையை (நடுவில் V வடிவில் வெட்டி நீரை அதன் வழியே வழியவிடும் பலகை) பலர் சொல்வார்கள். ஓட்டம் (லிட்டர்/விநாடி) = 1,380 × வெட்டின் அடிமுனைக்கு மேல் நீரின் உயரம் (மீட்டர்) அடுக்கு 2.5. 0.5 லிட்டருக்கு நீர்மட்டம் 4 செ.மீ.தான் வரும். அவ்வளவு குறைந்த உயரத்தில் நீர் பலகையோடு ஒட்டி வழியும், கணக்கு தப்பும். 10 செ.மீ. உயரம் என்றால் 4.4 லிட்டர், அங்கே அது நன்றாக வேலைசெய்யும். நிரந்தரமாக வைப்பதாக இருந்தால் வெட்டின் விளிம்பில் இரும்புப் படிவு சேர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு முறையும் சுரண்டிவிட்டு, மட்டம் நின்ற பிறகு வாசிக்க வேண்டும். வாசிப்பதும் வெட்டில் அல்ல. நீர் அங்கே வளைந்து இறங்கும். உயரத்தைப்போல நான்கு மடங்கு பின்னால் தள்ளி அளவுகோல் வையுங்கள்.

ஓடைக்கு உப்பு முறை. மாதிரி எல்லாம் எடுத்து முடித்த பிறகு, கசிவுக்கு மேலே, 100 கிராம் சாதாரண உப்பை ஒரு பக்கெட் ஓடை நீரில் முழுதாகக் கரைத்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். நன்றாகக் கலக்கும் அளவு கீழே, ஆனால் கசிவு சேர்வதற்கு முன்பே, 5 விநாடிக்கு ஒருமுறை மின்கடத்துதிறனை எழுதுங்கள். அது ஏறி மறுபடி பழைய அளவுக்கு இறங்கும் வரை விடக் கூடாது. இயல்பு அளவைக் கழித்து, மிச்சத்தையெல்லாம் கூட்டி 5-ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகை 10,000 என்று வந்தால், ஒரு மைக்ரோசீமென்ஸுக்கு லிட்டரில் ஏறத்தாழ 0.5 மி.கி. உப்பு என்ற கணக்கில் 5,000. 1,00,000 மி.கி. ÷ 5,000 = 20 லிட்டர்/விநாடி. அந்த 0.5-ஐ உங்கள் ஓடை நீரிலேயே தெரிந்த அளவு உப்பைக் கரைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் எதற்கு? மேலே ஓடை 20 லிட்டர், சல்ஃபேட் 15 மி.கி. என்றால் விநாடிக்கு 300 மி.கி. கசிவு 0.5 லிட்டர், சல்ஃபேட் 1,400 என்றால் 700 மி.கி. கீழே 1,000 மி.கி. வர வேண்டும், செறிவில் 49. ஆனால் ஆய்வகம் 75 என்கிறது. அப்படியானால் இன்னும் 0.4 லிட்டர் அளவுக்கு அதே தண்ணீர் ஓடையின் அடிமடி வழியாக ஏறுகிறது, நீங்கள் பார்க்கவில்லை. இந்தக் கணக்குக்கு இரும்பைப் பயன்படுத்தாதீர்கள். அது வழியிலேயே படிந்துவிடும். சல்ஃபேட் பெரும்பாலும் கரைந்தபடியே வரும்.

மறைந்த கசிவைத் தேட இரண்டு கரையோரமும் பத்துப் பத்து மீட்டருக்கு மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் ஓடையின் அடித்தளத்தை ஒட்டிப் பாருங்கள். நிலத்தடி நீரின் வெப்பம் நாள் முழுதும் அவ்வளவாக மாறாது. அதிகாலைக் குளிரில் அது இளஞ்சூடாகத் தனித்துத் தெரியும்.

குப்பி250:

இனி பாட்டில்கள். ஒரு இடத்துக்கு இவ்வளவு எடுங்கள்:

- 250 மி.லி. எச்.டி.பி.இ. (அடர் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) பாட்டில், 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக, நைட்ரிக் அமிலத்துடன்: கரைந்த உலோகங்கள்.
- 250 மி.லி., வடிகட்டாமல், நைட்ரிக் அமிலத்துடன்: மொத்த உலோகங்கள்.
- 500 மி.லி., வடிகட்டாமல், அமிலம் இல்லாமல், விளிம்பு வரை நிரப்பிக் காற்றுக் குமிழ் இல்லாமல்: அமிலத்தன்மை, காரத்தன்மை.
- 250 மி.லி., வடிகட்டி, அமிலம் இல்லாமல்: சல்ஃபேட், குளோரைடு.

அமிலம் பிஹெச் 2-க்குக் கீழே கொண்டுவரும் அளவுக்கு. லிட்டருக்குச் செறிந்த நைட்ரிக் 1.5 மி.லி. பெரும்பாலும் போதும், 250-க்கு 0.4 மி.லி. சரிபார்க்கும்போது பிஹெச் தாளைப் பாட்டிலுக்குள் விடாதீர்கள். ஒரு துளியை மூடியிலிருந்து தாளின் மேல் விடுங்கள்.

வரிசை மாறக் கூடாது: முதலில் வடிகட்டு, பிறகு அமிலம். மாற்றிச் செய்தால் மிதக்கும் துருவெல்லாம் அமிலத்தில் கரைந்து, “கரைந்த இரும்பு” என்ற பெயரில் அறிக்கைக்குள் வந்துவிடும். வடிகட்டுவதும் எடுத்த இடத்திலேயே, 15 நிமிடத்துக்குள். ஃபெரஸ் நிறைந்த தண்ணீர் காத்திருக்காது. சிரிஞ்சுக்குள்ளேயே மஞ்சள் மேகம்போல ஒன்று உருவாகத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டால் அந்தச் சிரிஞ்சைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். வடிகட்டியின் வழியே முதல் 20 மி.லி.யை வீசிவிடுங்கள். அழுத்தம் கூடினால் வடிகட்டியை மாற்றுங்கள், பலம் கொடுத்துத் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்தால் வெளியே தெரியாது.

விரல் ஆழக் கசிவில் பாட்டிலை அமிழ்த்த முடியாது. சுத்தமான 60 மி.லி. சிரிஞ்சின் முனையில் ஒரு சாண் சிலிக்கான் குழாய் மாட்டி, அடியைத் தொடாமல் உறிஞ்சுங்கள். குழி தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தோண்டிவிட்டு, நீர் முழுதும் தெளிந்து மின்கடத்துதிறன் நிலைக்கும் வரை காத்திருங்கள்.

ஃபெரஸைத் தனியாக அறிய களத்திலேயே ஃபினாந்த்ரோலின் (ஃபெரஸோடு சேர்ந்து ஆரஞ்சு நிறம் தரும் பொருள்) கிட்டில் பாருங்கள். அந்த கிட்கள் சுமார் 3 மி.கி. வரைதான் படிக்கும். 2 மி.லி. வடிகட்டிய நீரை 100 மி.லி. ஆக்கினால் 50 மடங்கு. நிறம் மிக ஆழ்ந்த ஆரஞ்சாக வந்தால் அளவு தாண்டிவிட்டது, மறுபடி நீர்க்க வேண்டும்.

தங்கச் சுரங்கமாக இருந்து சயனைடு பயன்பட்டிருக்க வாய்ப்பிருந்தால் அந்தப் பாட்டிலுக்கு சோடியம் ஹைட்ராக்சைடு, பிஹெச் 10-க்கு மேலே, வெளிச்சம் படாமல். அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். அமிலப் பாட்டில்களோடு ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

கெடு நாட்கள்: உலோகங்கள் 6 மாதம், பாதரசம் 28 நாள், சல்ஃபேட் 28 நாள். காரத்தன்மைக்கு 14 நாள் என்று முறைநூல்கள் சொன்னாலும் இந்த மாதிரித் தண்ணீருக்கு மறுநாளே செய்யச் சொல்லுங்கள். எல்லாம் ஐஸ் பெட்டியில், 6 பாகைக்குக் கீழே, உறையாமல்.

துத்தநாகம் தேடுகிறவர்கள் கவனிக்க: வெயிலுக்குப் பூசும் கிரீம்களில் துத்தநாக ஆக்சைடு இருக்கும். துத்தநாகப் பூச்சுள்ள பக்கெட், பித்தளைக் குழாய் இணைப்பு இரண்டும் ஆகாது. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை, ஒவ்வொரு இடத்துக்கும் புதிது.

ஓடைக்கரை:

மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். எந்த இடத்தை முதலில் எடுப்பது? ஓரத்தில் தேங்கிய நீரில் எண்ணெய்ப் படலம்போல வானவில் நிறம் தெரிகிறது, டீசலா? சுரங்க வாயில் மண்ணைக் கொஞ்சம் விலக்கினால் மூலத் தண்ணீரே கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா?

நீரளவை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தொடாதீர்கள். அடைபட்ட வாய்க்குப் பின்னால் எவ்வளவு நீர் எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று வெளியே ஈரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2015 ஆகஸ்ட் 5-ல் அமெரிக்காவின் கொலராடோவில், கோல்ட் கிங் சுரங்கத்தின் வாயில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு வேலைசெய்தபோது அடைப்பு உடைந்து, சுமார் 30 லட்சம் கேலன், அதாவது ஒரு கோடி லிட்டருக்கு மேல், சிமென்ட் க்ரீக் வழியாக அனிமஸ் ஆற்றில் பாய்ந்தது. ஆறு செம்மஞ்சளாகிவிட்டது. இயந்திரமும் நிபுணர்களும் இருந்தபோதே அப்படி. வாய் திறந்திருந்தாலும் உள்ளே போகக் கூடாது. பைரைட் ஆக்சிஜனைத் தின்றுவிடும், அதற்கு வாசனையோ எச்சரிக்கையோ கிடையாது. வெளியே கசிவதை மட்டும் எடுங்கள், எப்போதும் இரண்டு பேராக.

படலத்தை ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல மூலை மூலையாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். எண்ணெயாக இருந்தால் அதற்குக் கண்ணாடிப் பாட்டில் தனி.

வரிசை: கீழிருந்து மேலே. மேலே கால் வைத்தால் கலங்கும் வண்டல் கீழே எடுக்கும் மாதிரிக்குள் வந்துவிடும்.

துருவேட்டை:

வரிசையில் எனக்கு மாற்றுக் கருத்து. ஓடைக்குள் இறங்கித்தான் எடுக்க வேண்டும் என்றால் நீரளவை சொல்வது சரி. கரையிலிருந்து நீளக் கம்பில் கட்டி எடுக்க முடிந்தால், சுத்தமான இடத்தை முதலிலும் கசிவைக் கடைசியிலும் எடுப்பதே நல்லது. மேல் ஓடையில் துத்தநாகம் லிட்டருக்கு சில மைக்ரோகிராம் இருக்கும், கசிவில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். கசிவைத் தொட்ட குழாயில் ஒட்டிய ஒரு துளியே மேல் ஓடையின் எண்ணைக் கெடுக்கும். எந்த வரிசையானாலும் கசிவுக்கான சிரிஞ்சும் குழாயும் தனி.

நேரத்தையும் குறியுங்கள். நடுநிலை பிஹெச் உள்ள ஓடைகளில் கரைந்த துத்தநாகம் விடியலுக்கு அருகில் உச்சத்தில் இருந்து பிற்பகலில் குறையும். ஒரு முறை காலை, மறுமுறை மாலை என்று எடுத்துவிட்டு “நிலைமை மாறிவிட்டது” என்று சொல்லக் கூடாது.

பருவமும் முக்கியம். வறண்ட நாட்களில் குவியலின் மேலும் கசிவோரத்திலும் வெள்ளை, மஞ்சள், பச்சை நிறத்தில் உப்புப் பூக்கிறதா பாருங்கள். அவை உலோக சல்ஃபேட்டுகள். முதல் மழையில் அமிலமும் உலோகமுமாக ஒரே நாளில் கரைந்து ஓடைக்குள் இறங்கும். மீன்கள் சாவது பல சமயம் அப்போதுதான். எனவே வறண்ட காலத்தில் ஒரு முறை, முதல் மழை ஓடும்போதே ஒரு முறை, வெள்ளம் நன்றாகப் போகும்போது ஒரு முறை. ஒரு தடவை எடுத்த மாதிரியை வைத்து ஓடை தப்பியது என்று எழுத முடியாது.

கல்லின் நிறத்தையும் விடாதீர்கள். கலந்த இடத்துக்குக் கீழே கல்லில் வெள்ளைப் பூச்சு இருந்தால் அலுமினியம், கறுப்பு என்றால் மாங்கனீசு. அலுமினியம் பிஹெச் 4.5, 5 வாக்கில் படியத் தொடங்கும். மீனின் செவுளில் படிவதும் அதே வரம்பில்தான்.

குப்பி250:

பத்து மாதிரிக்கு ஒரு இரட்டை மாதிரியும், ஒவ்வொரு களநாளுக்கும் ஒரு வெற்று மாதிரியும் சேருங்கள். வெற்று என்றால் அயனி நீக்கிய நீரை அதே சிரிஞ்ச், அதே வடிகட்டி, அதே அமிலம் வழியாக அந்த இடத்திலேயே நிரப்புவது. வீட்டில் நிரப்பிக் கொண்டுபோவது அல்ல. அதில் துத்தநாகம் வந்தால் உங்கள் கையுறையோ அமிலமோ தவறு.

ஆய்வகத்திடம் கால்சியம், மக்னீசியமும் கேளுங்கள். செம்பு, துத்தநாகம், காட்மியம் ஓடை உயிர்களைத் தாக்கும் அளவு நீரின் கடினத்தன்மையைப் பொறுத்தது. அது இல்லாமல் கடினத்தன்மையைப் பொறுத்த வரம்புகளோடு அறிக்கையை ஒப்பிட முடியாது.

அறிக்கை வந்ததும் முதலில் கரைந்த அளவையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள். கரைந்தது மொத்தத்தைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால் பாட்டில் மாறியிருக்கும், அல்லது வடிகட்டி அழுக்கு. பிறகு நேர், எதிர் அயனிகளின் மின்னூட்டக் கூட்டுத்தொகை 10 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போகிறதா பாருங்கள். போகாவிட்டால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. இரும்பு நிறைந்த நீரில் ஃபெரஸா ஃபெரிக்கா என்று தெரியாமல் இந்தக் கணக்கே ஓடாது. அதனால்தான் அந்த ஃபினாந்த்ரோலின் அளவு.

லேபிளைப் பாட்டில் காய்ந்திருக்கும்போதே ஒட்டி, இடம், தேதி, நேரம், வடிகட்டியதா, என்ன அமிலம் என்று எழுதிவிடுங்கள். மூடியில் எழுத வேண்டாம், களத்தில் மூடிகள் மாறும்.